மேகமலையில பாத்தது டூகானா, இருவாச்சியா?

தம்பி, உங்க கேள்விய முதல்ல ஒருக்க சுருக்கிச் சொல்லிக்கிறேன், அப்பத்தான் நான் எதுக்குப் பதில் சொல்றேன்னு எனக்கே ஞாபகம் இருக்கும். பிப்ரவரி கடைசியில மதுரையில இருந்து குடும்பத்தோட மேகமலை போயிருக்கீங்க, மணலாறு தாண்டி டீ எஸ்டேட் ரோட்டுல காலையில வண்டிய ஓரங்கட்டி காபி குடிக்கிறப்ப, பெரிய மஞ்ச மூக்கு வச்ச பறவை ஒண்ணு தலைக்கு மேல ஹெலிகாப்டர் மாதிரி சத்தத்தோட போயிருக்கு. ரெண்டு மணி நேரம் கழிச்சு அதே மாதிரி ஒண்ணு அதே பக்கமா போயிருக்கு. ஆறாப்பு படிக்கிற மகன் டூகான்னு அடிச்சுச் சொல்றான், ஜீப் டிரைவர் இருவாச்சின்னு சொல்லிட்டாரு, உங்க சித்தப்பா பொண்டாட்டிய மரத்துக்குள்ள வச்சுப் பூட்டுற பறவை அதுன்னு ஒரு கதைய எடுத்துவிட, இப்ப வீட்ல பஞ்சாயத்து. ரெண்டு போட்டோ அனுப்பியிருக்கீங்க, ஒண்ணு முழுசா இருக்கு, இன்னொண்ண வெட்டி மூக்க மட்டும் வச்சிருக்கீங்க.

டிரைவர் சொன்னதுதான் சரி. அது இருவாச்சி, அதுலயும் பெரிய இருவாச்சி. ஆனா உங்க மகனத் திட்டாதீங்க, அவன் தப்பு பண்ணுனதுல ஒரு நியாயம் இருக்கு, கீழ சொல்றேன். சித்தப்பா சொன்னது பாதி சரி.

நான் ஆராய்ச்சியாளர் எல்லாம் கெடையாது, மதுரையில ஸ்பேர் பார்ட்ஸ் கடை, ஞாயித்துக்கிழமை ஆனா சாமநத்தம் கண்மாய், அரிட்டாபட்டி மலை, அழகர்கோவில்னு பைனாகுலரோட சுத்துற ஆளு, பதினஞ்சு வருஷமா இதே பொழப்பு. மலைக்கு வருஷத்துக்கு மூணு நாலு தடவை போவேன். அதனால புத்தகத்துல படிச்சது பாதி, கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்தது பாதின்னு வச்சுக்கங்க.

முதல்ல டூகான் விஷயத்த முடிச்சிருவோம். டூகான் தென் அமெரிக்கா, நடு அமெரிக்காவுல மட்டும் இருக்கிற பறவை, நம்ம நாட்டுக் காட்டுல ஒண்ணுகூட கெடையாது. இருவாச்சி குடும்பம் ஆசியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும் இருக்கிறது. ரெண்டுக்கும் பெரிய மூக்கு, ரெண்டும் மழைக்காட்டுல உசரத்துல பழம் திங்கிறது, அதனால பாக்க ஒரே சாடையில வந்து நிக்கிது, ஆனா சொந்தம் எதுவும் கெடையாது. டூகானோட சொந்தக்காரன் யாரு தெரியுமா, நம்ம ஊர் ஆலமரத்துல, கோடையில பாத்திரக்கடைக்காரர் சுத்தியல்ல தட்டுற மாதிரி டொங்க் டொங்க்குனு விடாம கத்திக்கிட்டே இருக்குமே, நெத்தியில சிவப்புப் பொட்டு வச்ச குட்டிப் பச்சைப் பறவை, செம்மார்புக் குக்குறுவான், அதுவும் மரங்கொத்தியும்தான். இருவாச்சியோட சொந்தக்காரன் கொண்டலாத்தி, புல்தரையில விசிறிக் கொண்டையோட நடந்து நடந்து கொத்திக்கிட்டு இருக்குமே அது. நம்புறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா கொண்டலாத்தியும் பொந்துலதான் முட்டை வைக்கும், பொட்டை உள்ள அடைகாக்க ஆம்பளை வெளிய இருந்து இரை கொண்டாந்து ஊட்டும். அந்தப் பழக்கத்த இருவாச்சி இன்னும் ஒரு படி மேல கொண்டு போயிருச்சு, அம்புட்டுத்தான். மகன்கிட்ட இதச் சொல்லுங்க, டூகானோட பங்காளிய மதுரையிலயே மொட்டைமாடியில நின்னு பாக்கலாம்னா அவனுக்கும் சமாதானம் ஆயிரும்.

இப்ப உங்க போட்டோவுக்கு வாரேன். மொத்த நீளம் ஒரு மீட்டர், சிலது அதுக்கும் மேல, ரெக்கைய விரிச்சா சுமாரா ஒன்றரை மீட்டர், எடை 2 கிலோவுல இருந்து 4 கிலோ வரைக்கும் வரும், நல்ல சேவல் எடை. உடம்பும் மூஞ்சியும் கருப்பு, கழுத்து வெளுத்த மஞ்சள், ரெக்கையில வெள்ளையும் மஞ்சளுமா பட்டை, வால் வெள்ளை, அதுல நடுவுல மை தடவுன மாதிரி ஒரு கருப்புப் பட்டை. பறக்குறப்ப அந்த வால் பட்டைய வச்சே எம்புட்டுத் தூரத்துல இருந்தாலும் சொல்லிரலாம்.

மூக்குக்கு மேல இன்னொரு மூக்கு கவுத்து வச்ச மாதிரி இருக்குல்ல, அதனாலதான் இருவாச்சி, ரெண்டு வாய் உள்ளதுன்னு பேரு. சிலர் இருவாட்சின்னு எழுதுறாங்க, ரெண்டும் புழக்கத்துல இருக்கு. விஞ்ஞானப் பேரு புசெரோஸ் பைகார்னிஸ், அதுல பைகார்னிஸ்னாலும் ரெண்டு கொம்புன்னுதான் அர்த்தம், ஆக பாக்குறவன் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் கண்ணு முதல்ல அங்கதான் போயிருக்கு. அந்த மேல் கொண்டை பாக்க இரும்புத் தொப்பி கணக்கா இருந்தாலும் உள்ள பெரும்பாலும் வெத்து, தேன்கூடு மாதிரி லேசான எலும்பு வலை. குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளர வந்து முழு வடிவம் ஆக சுமாரா 5 வருஷம் பிடிக்கும். அப்படியும் மூக்கு பெருசுதானே, அதத் தாங்கணும்ல, அதுக்காக கழுத்து எலும்புல முதல் ரெண்டும் ஒண்ணா ஒட்டியிருக்கும், வேற பறவைக் குடும்பத்துல இது கெடையாது.

அந்த மஞ்சள் இருக்கே, அது பொறந்த நிறம் இல்ல தம்பி, பூசுனது! வாலடியில ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கும், அங்க தலையத் திருப்பித் தேச்சு மூக்கு, கொண்டை, கழுத்து, ரெக்கைப் பட்டை எல்லாத்துலயும் மஞ்சள் பூசிக்கும். நான் ஒருக்க அத்தி மரத்துக்கு எதிர்ல ஒரு மேட்டுல உக்காந்து முழுசாப் பாத்தேன், வயிறு நிறைஞ்ச ஒண்ணு கிளையில செட்டில் ஆகி, தலைய அப்படியே பின்னால திருப்பி, வாலடியில மூக்கோட பக்கத்த ஒரு தேய், அப்புறம் மறு பக்கம் ஒரு தேய், பெறகு கொண்டையோட உச்சிய வச்சு ஒரு தேய், நம்ம ஆச்சிங்க குளிக்கிறதுக்கு முன்னால மஞ்சள் பூசுற அதே பொறுமை. நடுவுல ஒருக்க என்னையப் பாத்துச்சு. கண்ணுக்கு மேல நீளமா இமை முடி தெரிஞ்சிச்சு, பறவைக்கு எங்கிட்டு இமை முடின்னு நானும் அன்னைக்கு யோசிச்சேன், அது இறகுதான், முடி மாதிரி மாறியிருக்கு.

சரி, உங்க முதல் போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். கண்ணு சிவப்பு, சுத்தி கருப்பு. அப்ப அது ஆம்பளை. பொட்டைக்கு கண்ணு வெள்ளையா இருக்கும், சுத்தி இருக்கிற தோல் சிவப்பு. கொண்டையிலயும் வித்தியாசம் உண்டு, ஆம்பளைக்கு முன்னாலயும் பின்னாலயும் கருப்பு இருக்கும், பொட்டைக்கு அந்தக் கருப்பு இருக்காது, சைஸும் கொஞ்சம் கம்மி.

இங்கதான் எனக்கு சுவாரஸ்யமே ஆரம்பிச்சிச்சு. பிப்ரவரி மாசம், ஆம்பளை மட்டும் தனியா, ரெண்டு மணி நேர இடைவெளியில ஒரே திசையில ரெண்டு தடவை போயிருக்கு. சாதாரணமா இது ஜோடியாத்தான் சுத்தும், ஒண்ணு போனா பின்னாலயே இன்னொண்ணு வரும், அப்படி வரலைன்னா பெரும்பாலும் ஒரே காரணம்தான், அம்மா பொந்துக்குள்ள இருக்கு, அய்யா சாப்பாடு சுமந்துக்கிட்டு இருக்காரு. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில டிசம்பர் ஜனவரியில ஆரம்பிச்சு ஏப்ரல் மே வரைக்கும் இதுக கூடு கட்டுற, இல்ல இல்ல, கூடு அடைக்கிற சீசன்.

சித்தப்பா கதை பாதி சரின்னேன்ல, அத இப்ப சொல்லிர்றேன். ஆம்பளை யாரையும் பூட்டல. பெரிய பழைய மரத்துல, கிளை ஒடிஞ்ச எடத்துலயோ உளுத்த எடத்துலயோ தானா விழுந்த பொந்தத் தேடிப் பிடிக்கும், இவ்வளவு பெரிய மூக்க வச்சுக்கிட்டு மரங்கொத்தி மாதிரி பொந்து கொத்தத் தெரியாது. அதுக்குள்ள பொட்டை தானாப் போய் உக்காந்து, தன்னோட எச்சம், பழச் சக்கை, மரத்தூள் இதையெல்லாம் மூக்கோட பக்கத்தால தட்டித் தட்டி வாசல அடைச்சுக்கும், கொத்தனாரு கரணை வச்சுப் பூசுறார்ல அப்படி. காஞ்சா சிமெண்டு மாதிரி ஆயிரும். நடுவுல நெட்டுக்குத்தா ஒரு கீத்து மட்டும் விடும், ஆம்பளையோட மூக்கு நுனி போற அளவுக்கு. பாம்பு, மரநாய், இன்னொரு இருவாச்சி எதுவும் உள்ள வர முடியாது. ஆக பூட்டும் அவளோடது, சாவியும் அவளோடதுதான்.

உள்ள போனதும் ரெக்கை இறகும் வால் இறகும் மொத்தமா உதிர்ந்திரும், கொஞ்ச நாளைக்குப் பறக்கவே முடியாது. ஒண்ணு ரெண்டு முட்டை, 40 நாள் கிட்ட அடைகாக்கணும், பெரும்பாலும் ஒரே குஞ்சுதான் வெளிய வரும். நாத்தம் அடிக்காதான்னு கேப்பீங்க, அடிக்காது, பொட்டை எச்சத்த அந்தக் கீத்து வழியா வெளிய அடிச்சிரும், குஞ்சும் அதையே படிச்சுக்கும். குஞ்சு ஓரளவு தேறுனதும் அம்மா அடைப்ப உடைச்சுக்கிட்டு வெளிய வந்திரும், அதுக்குள்ள புது இறகு முளைச்சிருக்கும். அப்புறம் நடக்குறதுதான் எனக்கு ரெம்பப் பிடிச்சது, ஒரு தடவைகூட வெளிய வராத அந்தக் குஞ்சு, யாரும் சொல்லிக்குடுக்காம, உள்ள இருந்தே வாசலத் திரும்ப அடைச்சுக்கும். பெறகு அப்பா அம்மா ரெண்டு பேரும் ஊட்டுவாங்க. மொத்தமா நாலு மாசம் கிட்ட ஓடிரும்.

அந்த நாலு மாசமும் ஆம்பளையோட பாடு இருக்கே. பழத்தத் தொண்டையில நிரப்பிக்கிட்டு வருவாரு, கீத்துக்குப் பக்கத்துல மரத்தப் புடிச்சுத் தொத்திக்கிட்டு, ஒரு பழத்தக் கக்கி மூக்கு நுனிக்குக் கொண்டாந்து, நீட்டி, உள்ள இருந்து ஒரு மூக்கு நுனி வந்து வாங்கிக்கிட்டதும் அடுத்தது. அத்திப்பழமா இருந்தா அது பாட்டுக்கு ஒண்ணு ஒண்ணா வந்துக்கிட்டே இருக்கும், பாக்குற நமக்குத்தான் எண்ணி எண்ணி அலுத்துப்போகும். குஞ்சு பொரிச்ச பெறகு ஓணான், பல்லி, எலி, சின்னப் பாம்பு, வேற பறவையோட குஞ்சுன்னு அசைவமும் சேந்துக்கும். பழந்திங்கிற சாதுன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தவன் நான், ஒரு நாள் மூக்குல ஓணான் வால் ஆடிக்கிட்டு வந்ததப் பாத்ததும் சாது பட்டத்த வாபஸ் வாங்கிட்டேன்.

ஆம்பளை செத்தா உள்ள இருக்கிற தாயும் குஞ்சும் பட்டினி கிடந்தே செத்துரும்னு வாட்ஸ்அப்ல சோகப் பாட்டோட ஒரு வீடியோ சுத்துது, உங்களுக்கும் வந்திருக்கும். தாய்க்கு அடைப்ப உடைக்கத் தெரியும், ஆனா இறகு உதிர்ந்த நேரத்துல வெளிய வந்தாலும் பறக்க முடியாது, குஞ்சு கண்டிப்பாப் போயிரும். அதனால அந்த நாலு மாசத்துல ஆம்பளைய ஒருத்தன் சுட்டான்னா ஒரு பறவைக் கணக்கு இல்ல, அது நெசம். ஜோடி பல வருஷம் சேந்தே இருக்கும், திரும்பத் திரும்ப ஒரே பொந்துக்கு வரும், அதுவும் நெசம். ஒண்ணு செத்தா இன்னொண்ணு பாறையில மோதித் தற்கொலை பண்ணும்ங்கிறது எல்லாம் சினிமா.

ஹெலிகாப்டர் சத்தத்துக்கு வாரேன். நீராவி எஞ்சின்னும் சொல்லுவாங்க, நம்ம தலைமுறை அதப் பாத்ததில்ல, நீங்க சொன்ன ஹெலிகாப்டரே இருக்கட்டும். மத்த பறவைக்கு ரெக்கைக்கு அடியில பெரிய இறகோட காம்ப மூடி சின்ன இறகு வரிசை இருக்கும். இருவாச்சிக்கு அந்த மூடு இறகு சரியா மூடாது, ஒவ்வொரு அடிக்கும் காத்து காம்புகளுக்கு நடுவுல பீச்சிக்கிட்டுப் போகுது, அதான் அந்த ஊஸ் ஊஸ். காடு அமைதியா இருந்தா ஒரு கிலோமீட்டருக்குக் கேக்கும், அதனால மேல பாக்குறதுக்கு முன்னாலயே கேமராவ ஆன் பண்ணிரலாம். குரலும் லேசுப்பட்டதில்ல, கொக் கொக்குனு மலையில எதிரொலிக்கும், மலையாளத்துல இதுக்கு மலைமுழக்கி வேழாம்பல்னு பேரே வச்சிருக்காங்க. கேரளாவுக்கு மாநிலப் பறவையும் இதுதான், அருணாச்சலத்துக்கும் இதேதான்.

இன்னொண்ணு, இது நான் நேர்ல பாக்கல, பாக்கணும்னு ஆசை. அந்தக் கொண்டை எதுக்குன்னு நெறையப் பேரு கேப்பாங்க. ரெண்டு ஆம்பளை ஆகாயத்துல எதிரெதிரா பறந்து வந்து கொண்டையோட கொண்டை டமார்னு முட்டிக்கும், நம்மூரு கிடாமுட்டு மாதிரி, ஆனா மரத்துக்கு மேல! ஆனைமலைப் பக்கம் அத்தி பழுத்த மரத்துகிட்ட இத நேர்ல பாத்துப் பதிவு பண்ணியிருக்காங்க.

அத்தின்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அத்தி, ஆல், இச்சி இந்த வகை மரமெல்லாம் ஒரே மாசத்துல பழுக்காது, காட்டுல வருஷம் பூரா எங்கயாவது ஒண்ணு பழுத்துக்கிட்டு இருக்கும், மத்த பழம் இல்லாத நாள்ல இருவாச்சிக்கு அதுதான் ரேஷன் கடை. குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் மாதிரி பெரிய கொட்டை உள்ள பழத்த சின்னப் பறவையால முழுங்க முடியாது, இதுதான் முழுங்கி, சதைய மட்டும் எடுத்துக்கிட்டு, கொட்டைய வேற எங்கயோ போய்க் கக்கும். கூட்டு மரத்துக்கு அடியில நாலு மாசம் விழுந்த கொட்டை முளைச்சு நாத்தங்கால் மாதிரி நிக்கும், பழக்கப்பட்டவங்க அண்ணாந்து பாக்க மாட்டாங்க, தரையப் பாத்தே மேல கூடு இருக்குன்னு சொல்லிருவாங்க. தண்ணி தனியா இறங்கிக் குடிக்கிறதும் அபூர்வம், பழத்துல இருக்கிற ஈரமே போதும்.

நாக்கு குட்டை, மூக்கு நீளம், அதனால நுனியில பிடிச்ச பழத்த உள்ள இழுக்க முடியாது. மேல தூக்கிப் போட்டுத் தொண்டையில கேட்ச் பிடிக்கும், நம்மாளுங்க வேர்க்கடலைய தூக்கிப் போட்டு வாயில பிடிக்கிற அதே ஸ்டைல். நான் பாத்த மட்டும் ஒண்ணுகூட மிஸ் ஆகல.

மேகமலையில வேற இருவாச்சி உண்டான்னும் கேட்டிருந்தீங்க. தமிழ்நாட்டுல மொத்தம் நாலு வகை. மலையில கொண்டை இல்லாத, சாம்பல் நிறத்துல, காக்காய விடக் கொஞ்சம் பெருசா ஒண்ணு இருக்கும், மலபார் சாம்பல் இருவாச்சி, மேற்குத் தொடர்ச்சி மலையத் தவிர உலகத்துல வேற எங்கயும் கெடையாது, அது கத்துறது யாரோ மரத்துக்குப் பின்னால நின்னு நக்கலா சிரிக்கிற மாதிரி இருக்கும். நீங்க பாத்தத அதோட குழப்பிக்க வாய்ப்பே இல்ல.

பெரிய இருவாச்சிய 2018ல இருந்து அழியுற ஆபத்துள்ள பட்டியல்ல சேத்திருக்காங்க. நம்ம நாட்டுச் சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கறிக்கும், மூட்டு வலிக்கு நல்லதுன்னு கொழுப்புக்கும் ஒரு காலத்துல நெறைய சுட்டிருக்காங்க. இப்ப பெரிய தொல்லை பொந்து உள்ள கிழட்டு மரம் கெடைக்காததுதான், அப்படி ஒரு பொந்து விழ அந்த மரத்துக்கு நூறு வருஷம்கூட ஆகும், டீத் தோட்டத்து சில்வர் ஓக்ல அதெல்லாம் நடக்காது. கேரளாவுல வாழச்சால் பக்கம் காடர் மக்கள், முன்னாடி குஞ்ச எடுத்துக்கிட்டு இருந்தவங்களே, இப்ப கூட்டு மரத்துக்குக் காவல் நிக்கிறாங்க. மேகமலையும் 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துல சேந்திருச்சு, நம்ம வைகை பொறக்குற வருசநாட்டு மலையும் அந்தக் காட்டோட சேந்ததுதான்.

ஒரு வேண்டுகோள், கோவிச்சுக்காதீங்க. அது போன திசை, நீங்க நின்ன வளைவு, பக்கத்துல இருந்த போர்டு இதெல்லாம் இன்ஸ்டாவுல போடாதீங்க, போட்டிருந்தா எடுத்திருங்க. சில வருஷத்துக்கு முன்னால வேற ஒரு மலையில கூட்டு மரம் ஒண்ணு வெளிய தெரிஞ்சுபோய், ஒரே ஞாயித்துக்கிழமையில கேமராவோட முப்பது பேரு. நானும் அதுல ஒருத்தன், சும்மா சொல்லக்கூடாது. காலையில ஏழு மணியில இருந்து பத்தரை வரைக்கும் ஆம்பளை தூரத்து மரத்துலயே உக்காந்திருந்துச்சு, பக்கத்துல வரவே இல்ல, தொண்டை நிறையப் பழத்த வச்சுக்கிட்டு. எங்களுக்கு அது அப்ப உறைக்கல, லைட் போகுதேன்னு சலிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். வீட்டுக்கு வந்து போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்தப்பத்தான் தொண்டை புடைச்சிருக்கிறது தெரிஞ்சிச்சு.

திரும்பப் போகணும்னா ஏப்ரல் கடைசியில, இல்ல மே மாசத்துல போங்க, அம்மாவும் வெளிய வந்திருக்கும், அதிர்ஷ்டம் இருந்தா கொண்டை முளைக்காத குஞ்சையும் பாக்கலாம். ஆரப்பாளையத்துல காலையில முதல் தேனி பஸ்ஸ பிடிச்சாலும் மேல ஏறுறதுக்குள்ள வெயில் வந்திரும், அதனால முந்துன நாளே சின்னமனூர்ல தங்கிட்டு விடியுறப்ப அந்த 18 ஊசி வளைவையும் ஏறிருங்க. எட்டு மடங்கு பைனாகுலர் ஒண்ணு இருந்தா மகன் உங்களுக்கு முன்னால கண்டுபிடிச்சிருவான். மழை ஒருக்க பெஞ்சிருந்தா அட்டை ஏறும், சாக்ஸ்ல மூக்குப்பொடியத் தடவிக்கங்க.

அப்புறம் அந்த ரெண்டாவது போட்டோ, மூக்க மட்டும் வெட்டி அனுப்பியிருக்கீங்கள்ல, அத வெட்டாம முழுசா அனுப்புங்க. தொண்டை புடைச்சிருக்கான்னு பாக்கணும்.